இற்றைப்படுத்தல் நிலையத்தின் இடையறாத சேவை

வெளியிலிருந்து வந்து யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் கரையிறங்கியவர்கள் பலர். போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து நானூறு வருடத்தில் சாதிக்காததை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு ஊர்காவற்றுறைக்கு லொறியில் வந்திறங்கிய ஒரு கொம்பியூட்டர் மூன்றே மாதத்தில் சாதித்தது. நன்றியுள்ள எவரும் இதை மறுக்கமாட்டார்கள். அது என்ன சாதித்தது என்பதைப் பிறகு சொல்லலாம். எங்கே வைக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லவேண்டும். உத்தியோக காரியங்களில் இருப்பிடம் முந்தியது, பயன் பிந்தியது.

கொழும்பிலே கடை வைத்திருந்த ஒரு குடும்பம் பூட்டிவிட்டுப் போன கல்வீட்டை எடுத்து, 'தீவகக் குடும்ப விபர இற்றைப்படுத்தல் நிலையம்' என்று வாசலை விட அகலமான பலகையைத் தொங்கவிட்டார்கள். இற்றைப்படுத்தல் என்றால் ஒரு விபரத்தை இன்றைய திகதிக்குக் கொண்டுவருதல். அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்ட, சரவணை என்ற ஊரின் சனங்கள், எதுவோ இற்றுப்போகப்போகிறது என்று விளங்கிக்கொண்டார்கள். சனங்களின் தமிழறிவை நாம் குறைத்து மதிக்கக்கூடாது.

நிலையத்தின் நோக்கம் உன்னதமானது. முந்தின வருடங்களில் கடலிலிருந்து வந்து விழுந்த ஷெல்களால் கூரை இழந்த குடும்பங்களுக்கு, வெளிநாட்டுத் தர்மவான்கள் தகரம் அனுப்பியிருந்தார்கள். ஆளுக்கு ஆறு தகரம். இறங்குதுறைக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் அவை முகடு முட்ட அடுக்கப்பட்டிருந்தன. கொம்பியூட்டர் அச்சிட்டுத் தரும் 'இறுதிப் பட்டியல்' ஒன்று கைக்கு வந்ததும் அவற்றைக் கொடுக்கவேண்டியதுதான் மிச்சம். கையால் எழுதிய பட்டியல் செல்லாது என்று தலைமையகம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அந்தச் சுற்றறிக்கை கையால் எழுதப்பட்டிருந்தது.

பணிப்பாளராக வந்தவர் திருவாளர் அரியநாயகம். ஆறே இல்லாத மாவட்டத்தில் பதினெட்டு வருடம் ஆற்றுநீர்ப் பாசனப் புள்ளிவிபரம் சேகரித்து, ஒரு வருடம்கூடப் பிந்தாமல் அனுப்பிவைத்த பெருமகன். அப்படிப்பட்டவரின் கையில் கொம்பியூட்டரும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த வரலாறு சொல்லவருகிறது.

யந்திரத்தை இயக்கத் தெரிந்தவள் பரிமளம் ஒருத்தி. கரம்பொன்னில் பிறந்து, கொழும்பில் ஒரு கம்பனியின் கொம்பியூட்டர்ப் பகுதியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், தோளில் தொங்கின கைப்பையோடு மட்டும் காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பலில் வந்து இறங்கினாள். ஐந்து வருடம் ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இந்த வேலை கிடைத்தபோது, விட்ட இடத்திலிருந்து சீவியம் திரும்பத் தொடங்குகிறது என்று நினைத்தாள். கடிதத்தில் அவளுடைய பதவி 'தொழில்நுட்ப உத்தியோகத்தர்'. கந்தோரில் 'தட்டெழுதுற பிள்ளை'.

யந்திரம் இருந்த அறைக்குக் குளிரூட்டி பூட்டியிருந்தது. தீவகத்தில் குளிருக்கு நடுங்கியபடி வேலை செய்யக்கூடிய ஒரே இடம் அதுதான். பணிப்பாளர் தன்னுடைய மத்தியானத் தயிரை அங்கேதான் வைப்பார். பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது. அவர்களுடைய உடம்புச்சூடு யந்திரத்துக்குக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது.

புரட்டாதி பிறக்க முன்னமே நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் விபரத்தையும் பரிமளம் தட்டி ஏற்றிவிட்டாள். அச்சிடுவதற்கு ஆயத்தமாக இருந்த அன்றைக்குத்தான், நிர்வாக வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கவேண்டிய பதினாலாம் இலக்கச் சுற்றறிக்கையைப் பணிப்பாளர் வெளியிட்டார். 'யந்திரத்தினுள் நிகழும் எந்தவொரு மாற்றமும், அது எத்துணை சிறிதாயினும், மாற்றப் பதிவேட்டில் பதியப்படல் வேண்டும். அவ்வாறு பதியப்படும் ஒவ்வொரு தடவையும், பாதுகாப்பின் பொருட்டு, முழுப் பட்டியலினதும் பிரதியொன்று பேணப்படல் வேண்டும்.'

இதை யந்திரத்துக்கு விளங்கப்படுத்தும் நிரலைத் தலைமையகத்து 'நிபுணர்' எழுதி, ஃபிளொப்பி என்கிற சிறிய தட்டொன்றில் தபாலில் அனுப்பிவைத்தார். பரிமளம் அதைச் செருகினாள். யந்திரம் முனகிக்கொண்டு வேலையைத் தொடங்கியது. நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் திரையில் ஒரு வசனம் வந்தது. பணிப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார்.

"என்ன சொல்லுது பரிமளம்?"

"இடமில்லை எண்டு சொல்லுது சேர்."

பணிப்பாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய முகத்தில் குற்றவுணர்ச்சி தெரிந்தது. "சரிதான். நானும் யோசிச்சனான். அலுமாரியையும் வைச்சு, இரண்டு கதிரையையும் வைச்சு... நாகமுத்து!"

பியோன் நாகமுத்து வந்தார். அலுமாரி விறாந்தைக்குப் போனது. கதிரைகளில் ஒன்று அதன் பின்னே போனது. தபால் கட்டுகள் வைத்த வாங்கும் போனது. பணிப்பாளர் தயிர்ச்சட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தார். அது தியாகந்தான்.

"இப்ப என்ன சொல்லுது?"

"இடமில்லை எண்டுதான் சேர்."

"இன்னும் இடம் கேக்குதோ? சுவரை இடிக்க ஏலாது, வீட்டுக்காரர் லண்டனிலை."

"சேர், அறையிலை இடமில்லாமல் இல்லை. உள்ளுக்கை இருக்கிற தட்டிலை. நாங்கள் ஏத்தினதெல்லாம் அதிலைதான் பதிஞ்சு கிடக்கு. அது நிரம்பிப்போச்சு."

"நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கோ?"

"அதுக்குப் போனது ஒரு மூலைதான் சேர். மிச்சம் எப்பிடி நிரம்பினது எண்டுதான் தெரியேல்லை."

அவள் தட்டிலே கிடந்த பிரதிகளை அழித்தாள். இடம் வந்தது. பட்டியலை அச்சிடச் சொன்னாள். 'இற்றைப்படுத்தல் நடைபெறுகிறது, காத்திருக்கவும்' என்றது யந்திரம். காத்திருந்தாள். அவள் ஒரு விசையையும் தொடவில்லை. திரையின் அடியில், மிச்சமுள்ள இடத்தைக் காட்டும் எண் தானாகவே குறைந்துகொண்டு வந்தது. வாளியின் அடியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் இறங்குவதுபோல ஒரே சீராக இறங்கியது. இரண்டு மணித்தியாலத்தில் பூச்சியம். இற்றைப்படுத்தல் நின்றது. மறுபடி அச்சிடச் சொன்னாள். அச்சிடுவதற்கு முன்னால் தட்டிலே கொஞ்சம் இடத்தை எடுத்து எழுதிப்பார்ப்பது அந்த யந்திரத்தின் வழக்கம். இடமில்லை என்றது.

இடம் இருக்கும்போது இற்றைப்படுத்தல் முடியாது, அதனால் அச்சிட முடியாது. இற்றைப்படுத்தல் நின்றால் இடம் இருக்காது, அதனாலும் அச்சிட முடியாது. பரிமளம் இதைப் பணிப்பாளருக்குச் சொன்னாள். அவர் கண்களில் நீர் துளிர்த்தது.

"யோசிச்சுப் பாரும் பரிமளம். நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போறம். சாப்பிடப் போறம். அது ஒரு நிமிஷம் இருந்திருக்குமோ? இந்தக் கந்தோரிலை விசுவாசமான உத்தியோகத்தர் எண்டால் அதுதான்."

வியாழக்கிழமை பொதுமக்கள் தினம். சரவணையிலிருந்து இலட்சுமிப்பிள்ளை வழமைபோல முதல் பஸ்ஸில் வந்து விறாந்தையில் நின்றாள். ஐம்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, உரத்த குரல். அவளுடைய வீட்டு முகட்டை ஷெல் கொண்டுபோய் இரண்டு வருடம். அந்த இடத்தில் தென்னோலைக் கிடுகு போட்டு, அதன்மேல் சாக்குப் போட்டு, புருஷன் மார்க்கண்டுவை அதன்கீழ்க் கிடத்தியிருந்தாள். அவருக்கு முட்டு வருத்தம். ஈரக்காற்றுப் பட்டால் மூச்சு இழுக்கும்.

"பிள்ளை, பட்டியல் வந்திட்டுதோ?"

"இன்னும் இற்றைப்படுத்திக்கொண்டிருக்கு அக்கா."

"நீங்கள் இற்றைப்படுத்தி முடிக்கிறதுக்கிடையிலை என்ரை கிடுகு இற்றுப்போச்சு. ஐப்பசி வரப்போகுது மோனை. அந்த மனிசன் வானத்தைப் பாத்துக்கொண்டு கிடக்குது. படுத்த படுக்கையிலை நட்சத்திரம் எண்ணுறதுக்கு அவர் என்ன சாத்திரியோ?"

பரிமளத்துக்குச் சிரிப்பும் வந்தது, பிறகு சிரித்ததற்கு வெட்கமும் வந்தது. "அடுத்த கிழமைக்கிடையிலை செய்யிறன் அக்கா," என்றாள். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நினைத்தாள்.

மாதம் முடிந்தது. பணிப்பாளர் தலைமையகத்துக்கு மாதாந்த அறிக்கை அனுப்பினார். 'வழங்கப்பட்ட தகரங்கள்' என்ற நிரைக்கு எதிரே சிறிய கோடு. 'மேற்கொள்ளப்பட்ட இற்றைப்படுத்தல்கள்' என்ற நிரைக்கு எதிரே இரண்டு இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து எழுநூற்று முப்பத்திரண்டு. தட்டிலே அறுநூற்றுப் பதினொரு பிரதி இருந்தது, ஒவ்வொன்றிலும் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம் இருந்தது, பெருக்கிப் பார்த்தால் கணக்குச் சரி. நாட்டிலுள்ள வேறெந்த நிலையமும் முந்நூறைத் தாண்டவில்லை. தலைமையகத்திலிருந்து பாராட்டுத் தந்தி வந்தது. பணிப்பாளர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தயிர்ச்சட்டி முன்பு இருந்த இடத்துக்கு நேர் மேலே மாட்டினார்.

பரிமளத்தின் நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் நிபுணர் வந்து சேர்ந்தார். கொழும்பிலிருந்து ரயிலில் வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் வந்து, வழியில் ஆறு இடத்தில் ஆமிக்காரருக்கு அடையாள அட்டை காட்டி, களைத்துப்போயிருந்தார். நண்டுக்கறியுடன் சாப்பிட்டுவிட்டு யந்திரத்தைக் கால்மணி நேரம் உற்றுப்பார்த்தார்.

"இது இருபது மெகாபைட் தட்டு. காணாது," என்றார். "நாற்பது மெகாபைட் தட்டொன்றுக்குச் சிபாரிசு செய்கிறேன்."

"இருபது இரண்டு மணித்தியாலத்திலை நிரம்புது," என்றாள் பரிமளம். "நாற்பது எண்டால் நாலு மணித்தியாலத்திலை நிரம்பும். அவ்வளவுதானே?"

"பார்த்தீரா? இரு மடங்கு முன்னேற்றம்."

"நீங்கள் அனுப்பின நிரலை ஒருக்காப் பாப்பமோ சேர்? அதைப் போட்ட நாளிலையிருந்துதான் இந்த வருத்தம்."

நிபுணர் அவளைக் கருணையோடு பார்த்தார். "தங்கச்சி, அது நான் எழுதியது." இதைவிட உறுதியான தொழில்நுட்ப ஆதாரம் இருக்க முடியாது. அவர் பின்னேரமே வான் ஏறித் திரும்பிவிட்டார்.

மறுநாள் பரிமளம் தானே பார்ப்பதென்று உட்கார்ந்தாள். தட்டு நிரம்பி யந்திரம் ஓய்ந்ததும் மாற்றப் பதிவேட்டைத் திறந்து, வரி வரியாகத் திரையில் ஓடவிட்டாள். முதல் வரியில் சரவணை ஆழ்வாப்பிள்ளையின் மகளுடைய பெயரில் ஓர் எழுத்துப்பிழையைத் தான் திருத்தியது பதியப்பட்டிருந்தது. சரி. அடுத்த வரி: 'மாற்றப் பதிவேட்டில் மாற்றம் நிகழ்ந்தது.' அதற்கடுத்த வரி: 'மாற்றப் பதிவேட்டில் மாற்றம் நிகழ்ந்தது.' அதற்கும் அடுத்தது அதுவே. விரலை விசையில் வைத்தபடி அவள் இறங்கிக்கொண்டே போனாள். கடைசி வரைக்கும் அதே வசனம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுப் பிரதி.

அவள் கதிரையில் சாய்ந்தாள். கொழும்பை விட்டு வந்த நாளிலிருந்து இப்படியொரு சந்தோசம் அவளுக்கு வந்ததில்லை. ஒரு பிழையைக் கையும் மெய்யுமாகப் பிடித்த சந்தோசம். எழும்பிப் பணிப்பாளரின் அறைக்கு ஓடினாள். அங்கே நாகமுத்து தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்.

"சேர், பிடிச்சிட்டன். மாற்றம் ஒண்டு வந்தால் பதிவேட்டிலை பதியச் சொல்லியிருக்கிறம். பதிஞ்ச உடனை பதிவேடு மாறியிட்டுது. அதுவும் ஒரு மாற்றந்தானே எண்டு அது திரும்பப் பதியுது. பதிஞ்ச உடனை திரும்ப மாறியிட்டுது."

பணிப்பாளர் தலையாட்டினார். விளங்காதபோது அவர் ஆட்டும் ஆட்டு அது.

"இப்ப நாகமுத்தண்ணை வரவுப் புத்தகத்திலை கையெழுத்து வைக்கிறார் எண்டு வையுங்கோ. கையெழுத்து வைச்சதையும் எழுதவேணும் எண்டு நீங்கள் சொல்லுறியள்..."

"விளங்குது பிள்ளை," என்றார் நாகமுத்து, தட்டத்தைப் பிடித்தபடி. "எழுதினனான் எண்டு எழுதவேணும். எழுதினனான் எண்டு எழுதினனான் எண்டு பிறகு எழுதவேணும். அப்ப நான் தேத்தண்ணி போடுறது எப்ப?"

"அதுதான் அண்ணை! அதுதான் நடக்குது!"

பணிப்பாளர் தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார். "ஆனால் விட்டுப்போகாமல் பதியுதுதானே?"

"பதியுது சேர்."

"அப்ப இதிலை பிழை என்ன?"

பரிமளம் ஒரு விரலைக் காட்டினாள். "சேர், ஒரு வரி. பதிவேட்டை மாத்திரம் இந்தக் கணக்கிலை சேக்காதை எண்டு ஒரு வரி எழுதினால் காணும். பத்து நிமிஷ வேலை. பின்னேரத்துக்குள்ளை பட்டியல் வந்திடும்."

"நீர் சொல்லுறது பாரதூரமான விஷயம் பரிமளம்," என்றார் பணிப்பாளர். சட்டம் போட்ட தந்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஓடிக்கொண்டிருக்கிற ஒண்டை நிப்பாட்டுறது லேசு. ஆனால் ஏன் நிப்பாட்டினது எண்டு ஆர் பதில் சொல்லுறது? இதுக்கு ஒரு குழு போடுவம்."

'இற்றைப்படுத்தலை இடைநிறுத்துதல் பற்றி ஆராயும் குழு' அன்றைக்கே அமைக்கப்பட்டது. தலைவர் அரியநாயகம், செயலாளர் அரியநாயகம், அங்கத்தவர் களஞ்சியப் பொறுப்பாளர் அப்புத்துரை. முதலாவது கூட்டத்தில் குழுவின் பெயரிலிருந்த 'இடைநிறுத்துதல்' என்ற சொல் அவநம்பிக்கையை ஊட்டுகிறதென்று கண்டறியப்பட்டது. இரண்டாவது கூட்டத்தில் அச்சொல் நீக்கப்பட்டது. குழுவின் பெயர் 'இற்றைப்படுத்தலை ஆராயும் குழு' என இற்றைப்படுத்தப்பட்டது.

ஐப்பசி நடுவில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாளே கந்தோர் முற்றத்தில் தண்ணீர் நின்றது. வியாழக்கிழமை இலட்சுமிப்பிள்ளை முழங்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, நனைந்த கோழிபோல விறாந்தையில் ஏறினாள். இந்தமுறை குரல் உரக்க இல்லை.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. அந்தப் பெட்டிக்குள்ளை என்ரை பேர் கிடக்கோ?"

"கிடக்கு அக்கா."

"வடிவாப் பாத்தனியோ?"

"அறுநூற்றுப் பதினொரு தரம் கிடக்கு."

இலட்சுமிப்பிள்ளை வாயைப் பிளந்தாள். "அப்ப எனக்கு அறுநூறு வீட்டுக்குத் தகரம் வருமோ?"

"ஒரு வீட்டுக்கும் வராது அக்கா. அதுதான் பிரச்சினை."

"நான் அறுநூறு கேக்கேல்லை மோனை." அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். "ராத்திரி முழுக்க அவர் இருந்தபடிதான். படுத்தால் முகத்திலை ஒழுகுது. குடையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை நானும் இருந்தனான். என்ரை கையும் உளையுது. 'இலட்சுமி, குடையை விட்டிட்டு நீ படு, எனக்கு நனைஞ்சால் காயும்' எண்டுறார். என்ன கதை இது?"

பரிமளம் அவளை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பக்கத்து அறையில் குழுவின் மூன்றாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது கூட்ட அறிக்கையிலிருந்த காற்புள்ளி ஒன்றைப் பற்றி அப்புத்துரை ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டிருந்தார். அவள் யாரிடமும் கேட்கவில்லை. யந்திரத்தை நிறுத்தித் திரும்ப எழுப்பினாள். நிரலைத் திறந்தாள். அந்த ஒரு வரியை எழுதினாள். அறுநூற்றுப் பதினொரு பிரதியையும் அழித்தாள். மிச்ச இடத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்தாள். அது அசையவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தாள், இரண்டு நிமிஷம் பார்த்தாள். அசையவேயில்லை. அச்சிடச் சொன்னாள்.

அந்தக் கந்தோரில் அச்சுயந்திரத்தின் சத்தத்தை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல அது கீச்சிடத் தொடங்கியதும், குழு தன் மூன்று பதவிகளோடும் எழும்பி ஓடிவந்தது.

"என்ன இது? ஆர் உமக்கு அனுமதி தந்தது?"

"பட்டியல் சேர். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம். நீங்கள் கையெழுத்து வைச்சால் தகரம் குடுக்கலாம்."

பணிப்பாளர் திரையைப் பார்த்தார். எண் அசையாமல் நின்றதைக் கண்டு அவருக்கு உயிரே நின்றுவிட்டதுபோல இருந்தது. "இற்றைப்படுத்தல் எங்கை?"

"நிப்பாட்டிப்போட்டன்."

"இந்த மாத அறிக்கைக்கு நான் என்னத்தை எழுதுறது? பூச்சியமோ? போன மாதம் இரண்டரை இலட்சம், இந்த மாதம் பூச்சியமோ?"

அதைக் கேட்டபோதுதான் பரிமளத்துக்கு அந்த யோசனை வந்தது. வாழ்க்கை முழுக்க அவள் அதை நினைத்து நினைத்துப் பார்க்கப்போகிறாள் என்பது அப்போது தெரியாது.

"பூச்சியமில்லை சேர். தகரம் குடுத்தால் ஒவ்வொரு குடும்பத்தின்ரை விபரமும் மாறுது. ஒவ்வொரு தகரமும் ஒரு மாற்றந்தானே? பத்தாயிரத்துக்கு மேலை வரும். எல்லாம் அசல் மாற்றம்."

பணிப்பாளரின் முகம் மெல்ல மெல்ல வெளித்தது. பேனையை எடுத்தார். பட்டியலில் கையெழுத்தை வைத்தார். மூன்று மாதத்தில் நடக்காதது மூன்று விநாடியில் நடந்தது. பரிமளம் பட்டியலோடு விறாந்தைக்கு ஓடி, "அக்கா, பன்னிரண்டு தகரம்!" என்று கத்தினாள். இலட்சுமிப்பிள்ளை அவளுடைய இரண்டு கன்னத்தையும் ஈரக்கையால் பிடித்துக் கொஞ்சினாள்.

நல்ல நிர்வாகி ஒரு யோசனையை அப்படியே ஏற்பதில்லை, செம்மைப்படுத்துவார். அன்று பின்னேரமே பதினைந்தாம் இலக்கச் சுற்றறிக்கை வெளிவந்தது. பன்னிரண்டு தகரத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் யந்திரம் அதை ஒரே மாற்றமாகத்தான் பதியும் என்பதைப் பணிப்பாளர் நுட்பமாகக் கண்டுபிடித்திருந்தார். ஆகவே, 'ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு தகரம் வழங்கப்படும். குடும்பத் தலைவரோ தலைவியோ நேரில் வந்து ஒப்பமிடல் வேண்டும்.'

"சேர், சரவணை நாலு கட்டை தூரம்," என்றாள் பரிமளம். "தகரத்தோடை பஸ்ஸிலை ஏத்தமாட்டினம். பன்னிரண்டு தரம் நடக்கச் சொல்லுறியளோ?"

"நீர் சொன்ன யோசனைதானே?" என்றார் பணிப்பாளர் சந்தோசமாக. "உம்முடைய பெயரையும் அறிக்கையிலை போடுறன்."

இப்படித்தான் அந்த மாரியில் தீவகத்து றோட்டுகளில் தகரங்கள் நடந்தன. தலையில் ஒவ்வொரு தகரம், அதன்கீழே ஒவ்வோர் ஆள். நாகமுத்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூரை குடுக்கிறம் எண்டு நினைச்சன், ஆளுக்குக் கூரை குடுக்கிறாங்கள்," என்றார். களஞ்சியத்து வரிசை இறங்குதுறை வரைக்கும் நீண்டது. பணிப்பாளர் தினமும் யன்னலால் எட்டிப்பார்த்து, 'மக்கள் பங்களிப்பு' என்று குறித்துக்கொண்டார்.

இலட்சுமிப்பிள்ளை ஏழு நாள் வந்தாள். முதல் நாள் தகரத்தை மார்க்கண்டுவின் கட்டிலுக்கு நேர் மேலே போட்டதாகச் சொன்னாள். இரண்டாம் நாள், "தலைப்பக்கம் காய்ஞ்சிட்டுது, கால்ப்பக்கம் நாளைக்கு," என்றாள். ஐந்தாம் நாள் அவளுக்கே இருமல் கண்டிருந்தது. அவள் மழைக்குள் நடந்த அந்த மணித்தியாலங்களில் வீட்டில் குடை பிடிக்க ஒருவரும் இல்லை. "நாளைக்கு வராதையுங்கோ அக்கா, நான் சேரோடை கதைச்சு எல்லாத்தையும் ஒண்டாய் எடுத்துத் தாறன்," என்று பரிமளம் சொன்னாள். கதைத்தும் பார்த்தாள். பணிப்பாளர் குழுவைக் கூட்டுவதாகச் சொன்னார்.

எட்டாம் நாள் இலட்சுமிப்பிள்ளை வரவில்லை. அன்று மத்தியானம் சரவணைக் கிராம விதானையாரிடமிருந்து ஒரு படிவம் வந்தது. மார்க்கண்டு விடியப்புறம் காலமாகிவிட்டார்.

பரிமளம் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு எழும்பி யன்னலருகே போய் நின்றாள். அதை யந்திரத்தில் ஏற்றச் சொல்லிப் பணிப்பாளர் இரண்டு தரம் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. ஆகவே அந்தக் கந்தோரின் வரலாற்றில் முதன்முதலாகப் பணிப்பாளரே கொம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால், தேடித் தேடி, 'குடும்ப அங்கத்தவர்: இரண்டு' என்பதை 'ஒன்று' ஆக்கினார்.

யந்திரம் தன் பெருமையை அன்றைக்குத்தான் முழுமையாக நிலைநாட்டியது. மனிதர் காலமான அதே நாளிலேயே, பிணம் வீட்டை விட்டு எடுக்க முன்னமே, விபரம் இற்றைப்படுத்தப்பட்டது. அது மட்டுமா? உடனே கணக்கும் பார்த்தது. ஓர் அங்கத்தவருக்கு ஆறு தகரம். பெற்றுக்கொண்டது ஏழு. அச்சுயந்திரம் ஒருவரும் கேளாமலே கீச்சிட்டு ஒரு கடிதத்தைத் துப்பியது. 'தாங்கள் மேலதிகமாகப் பெற்றுக்கொண்ட தகரம் ஒன்றினை மூன்று தினங்களுக்குள் மீள ஒப்படைக்குமாறு...' பணிப்பாளர் மெய்சிலிர்த்துப்போய் அதைத் தபாலில் சேர்த்தார். பரிமளம் அறிந்தபோது தபால் போய்விட்டது.

செத்தவீடு முடிந்து நாலாம் நாள் இலட்சுமிப்பிள்ளை நடந்து வந்தாள். மழை விட்டிருந்தது. விறாந்தையில் நிற்காமல் நேரே பணிப்பாளரின் அறைக்குள் போனாள். நாகமுத்து மறிக்கவில்லை. தலையிலிருந்த தகரத்தை இறக்கி மேசைமேல் வைத்தாள். மேசையில் இருந்த மைப்போத்தல் விழுந்து உருண்டது.

"இது அவருக்கு மேலை கிடந்தது ஐயா," என்றாள். "மற்ற ஆறும் எனக்குக் காணும்."

திரும்பி நடந்தாள். வெளியே பரிமளம் அவளுடைய கையைப் பிடித்தாள். இலட்சுமிப்பிள்ளை கையை உதறவில்லை, பிடிக்கவுமில்லை. "நீ என்ன செய்வாய் பிள்ளை," என்றாள். அது மன்னிப்பா கேள்வியா என்று பரிமளத்துக்குத் தெரியவில்லை.

பணிப்பாளர் தகரம் கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டு எழுதி, மூன்று பிரதி எடுத்து, பரிமளத்தைக் கூப்பிட்டார். தன் ஒற்றை விரலால் செய்த பதிவில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடப்பதால் யந்திரம் மாத அறிக்கையை மூட விடாமல் அடம்பிடிக்கிறதென்றும், அதை நிரப்பிவிடும்படியும் சொன்னார். அவள் போய் உட்கார்ந்தாள். மார்க்கண்டு, சரவணை. மாற்றம்: இரண்டு, ஒன்று. கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'மாற்றத்துக்குக் காரணம்'.

தமிழ்ப் பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்திலே தட்டிப் பழகிய விரல்களால் அவள் ஒரு சொல்லைத் தட்டினாள்.

'நாங்கள்.'

அந்த யந்திரத்திடம் ஒரு பெரிய குணம் இருந்தது. எதையும் அழியாமல் பதிவதற்கு முன்னால், 'நிச்சயந்தானா?' என்று ஒருமுறை கேட்கும். அந்த நிலையத்தில் இருந்த அத்தனை உத்தியோகத்தரிலும், செய்யப்போவதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது அது ஒன்றுதான்.

பரிமளம் 'ஓம்' என்று அழுத்தினாள்.